ஊளையிட்ட ரேடியோக்கள்

திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரம் முடிந்து சந்து திரும்புகிற இடத்தில் குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் வீடு இருந்தது. முன் அறைதான் கடை. போர்டு வைக்கவில்லை. ஓட்டின் மேல் நின்ற மூங்கிலும், அதிலிருந்து பக்கத்துத் தென்னைக்கு ஓடிய செம்பு ஏரியல் கம்பியும்தான் அடையாளம். நான் அடுத்த வீட்டு மாடியில் குடியிருந்தேன். நெய்யூரில் நர்ஸ் பயிற்சி முடித்து, சந்துக்கு எதிரே ஒரு டாக்டர் நடத்திய சிறிய நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்தேன். வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுவேன், ஊசி போடுவேன். அதனால் அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். சாலைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்தவர். ஊருக்கு மின்சாரம் வந்தபோது, ஈயம் பூசிய கையால் கம்பி பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். பல வீடுகளில் முதல் விளக்கை எரியவிட்டவர் அவர்தான். பிறகு ரேடியோ வந்தது. கடையில் விற்ற பெரிய பெட்டிகளை எங்கள் தெருவில் யாரும் வாங்க முடியாது. அண்ணாச்சி பலாப் பலகையில் பெட்டி அடித்து, கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு வால்வோ இரண்டு வால்வோ வைத்து, தானே ரேடியோ செய்தார். தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுத்துவிட்டுத் தெருக்காரர்கள் அதை வாங்கிப் போனார்கள்.

வேலையில் சுத்தமான மனிதர். பேச்சு அதிகம். தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. மனைவி முத்தாரம்மாள் அந்த முன் அறையில் துடைப்பத்தோடு நுழையலாம், பெட்டி துடைக்கிற துணியோடு நுழையக் கூடாது. ரேடியோவின் திருகில் கை பட்டால் அன்றைக்கெல்லாம் சண்டைதான்.

அவர்களுக்கு ஒரே மகன், அழகியநம்பி. மலாயாவில் ஈப்போ என்ற ஊரில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதப் போயிருந்தான். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கியதும் தபால் நின்றது. சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்தது, மகனைப் பற்றி ஒன்றும் வரவில்லை. முத்தாரம்மாள் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் உடம்பு பாதியானது. இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தேன். குடித்தாள், தேறவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகு பக்கத்துக் கரமனையிலிருந்து ஒரு சேதி வந்தது. ஜப்பான்காரன் பிடித்த கிழக்கு நாட்டு ஸ்டேஷன் ஒன்றில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அங்கே மாட்டிக்கொண்டவர்களின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் வாசிக்கிறார்களாம். கரமனைக்காரர் ஒருவர் தன் அக்கா மகன் பெயரைத் தன் காதாலேயே கேட்டாராம். ஒரு பெயரை ஒருமுறைதான் வாசிப்பார்கள். தவறவிட்டால் தவறியதுதான்.

அன்று மாலையே அண்ணாச்சி அந்த ஸ்டேஷனைத் தேடிப் பிடித்துவிட்டார். நடுக்கடலில் யாரோ பேசுகிற மாதிரி மெலிந்த குரல். ஆனால் தமிழ்தான். மறுநாள் அவர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு தெருவில் தன் கையால் செய்த ரேடியோ இருந்த வீட்டுக்கெல்லாம் போனார். டயலில் அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு, "எம் மவன் பேரு வந்தா சொல்லுங்க, எத்தனை காது இருக்கோ அத்தனை நல்லது" என்று கேட்டுக்கொண்டார். ஒரு வீடும் மறுக்கவில்லை. எதிரி நாட்டு ஸ்டேஷன் என்பதால் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, மாலை ஆனால் தெருவே அந்தக் கோட்டில் உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்துதான் அந்தக் கோட்டில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காமல் போனது.

முதலில் அவர் உள்ளூர் ஸ்டேஷன் மீது பழி போட்டார். திருவனந்தபுரத்தில் சொந்தமாக ரேடியோ நிலையம் தொடங்கிய வருஷம் அது. அவ்வளவு பக்கத்தில் இருந்ததால், சின்ன ரேடியோக்களில் டயலை எங்கே திருப்பினாலும் பின்னால் அதன் பாட்டு கேட்டது. அண்ணாச்சி செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி ஏரியல் வழியில் வைத்தார். பாட்டு அந்தச் சுருளோடு நின்றது. மற்ற வீடுகளுக்கும் சுற்றிக் கொடுத்தார். அது சரியான வைத்தியம்தான். ஆனால் இரைச்சல் போகவில்லை.

அடுத்தது மின்கம்பம். வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் நனைந்தால் கம்பத்தின் பீங்கான் குமிழில் பொறி பறக்கும், அது ரேடியோவில் கரகரவென்று விழும். எலக்ட்ரிக் ஆபீஸுக்கு நடந்து நடந்து ஆள் கூட்டி வந்து குமிழை மாற்றவைத்தார். கரகரப்பு நின்றது.

பிறகு என்னிடம் வந்தார்.

"சிஸ்டரம்மா, உங்க டாக்டரோட மெஷின்தான் எம் மவன் பேரைத் திங்குது."

உடம்புக்குள் சூடு கொடுக்கிற டயாதெர்மி மெஷினைச் சொன்னார். மூட்டு வலிக்கும் பிடித்துக்கொண்ட தோளுக்கும் வைப்போம். நோயாளிகள் ஆபீஸ் விட்டு வருவதால் மாலையில்தான் அது ஓடும்.

"கிழவர்களுக்குத் தோளில் சூடு கொடுக்கிறோம், அண்ணாச்சி. உங்க மகன் பேரு எங்களுக்கு எதுக்கு?"

"சூடு தோளோட நின்னா நான் ஏன் வாரேன்? தெரு பூரா கொர்ருனு இரையுது. நீங்க சுவிச்சைப் போடுத நேரமும் இது கத்துத நேரமும் ஒண்ணா இருக்கா இல்லையா, நீங்களே வந்து கேளுங்க."

கேட்டேன். அவர் சொன்னது சரிதான். டாக்டரிடம் சொல்லி மாலை நோயாளிகளைக் காலைக்கு மாற்றினேன். டாக்டர் முணுமுணுத்தார், நோயாளிகள் அதைவிட முணுமுணுத்தார்கள். அந்த 'கொர்' நின்றது. நின்ற பிறகுதான் அதன் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது தெரிந்தது. விசில் மாதிரி ஒரு ஊளை. மேலே ஏறும், கீழே இறங்கும், இரண்டாகப் பிரியும், மறுபடி சேரும். அந்த மெலிந்த குரல் வந்ததுமே இது அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். காய்ச்சல் இறங்கிய பிறகு அடியில் இருந்த வேறு நோய் தெரிவதை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் இருந்தது.

அக்ரகாரத்தில் சாம்பசிவய்யர் என்று ஒருவர். சமஸ்தானத்தின் தலைமை ஆபீஸான ஹஜூர் கச்சேரியில் பெரிய குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். தினமும் மாலையில் நான்தான் கட்டுவேன். ஊளைக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"இது சர்க்கார் வேலையாக்கும், ஓய்" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். "எதிரி பேசறது நமக்குக் கேக்கப்படாதுன்னு வெள்ளைக்காரனே மேலே விசிலடிக்கறான். நீர் மூங்கிலை எத்தனை உசத்தினாலும் ஒண்ணும் நடக்காது."

அண்ணாச்சிக்கு இது பிடித்துப் போயிற்று. குற்றம் லண்டனில் இருந்தால் தன் பெட்டிக்குள் தேட வேண்டியதில்லை. ஆனாலும் மூங்கிலை உயர்த்தினார்.

இதற்குள் வாரக்கணக்கில் பெயர்கள் வாசிக்கப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. மகன் பெயர் ஏற்கெனவே வந்து ஊளைக்குள் போய்விட்டதோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. சாப்பாடு குறைந்தது. முத்தாரம்மாள் ஒரு நாள் என்னிடம், "அவுகளுக்கும் அந்த டானிக்கை எழுதிக் குடுங்க" என்றாள்.

ஒரு மாலை அய்யர் வீட்டுக்குப் புண் கட்டப் போனேன். மழை விட்டிருந்தது. வழக்கம் போல ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. புண் வாடை மூக்கைத் துளைத்தது.

"ஜன்னலைத் திறக்கணும், சாமி."

"அய்யோ, வேண்டாம் சிஸ்டர். இது எதிரி ஸ்டேஷன். யாராவது கேட்டா?"

"கேட்டால் ஊளைதான் கேக்கும். புண் இருக்கிற அறையில் காத்து வேணும். கட்டு முடியறவரைக்குமாவது திறந்திருக்கட்டும்."

திறந்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அய்யர் ரேடியோவின் திருகை உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் வலப்பக்கம் திருப்பினார். சந்துக்கு அப்பால், அண்ணாச்சி வீட்டு ரேடியோ உச்சத்துக்கு வீறிட்டது. அய்யர் கொஞ்சம் இறக்கினார். அங்கேயும் இறங்கியது. தும்மலுக்காகக் கையை எடுத்தார். அங்கே ஊளை ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றது.

"சாமி, அதே திருகை இன்னொரு தடவை திருப்புங்க."

"எதுக்கு?"

"திருப்புங்க, சொல்லுகிறேன்."

திருப்பினார். அங்கே ஏறியது. இறக்கச் சொன்னேன், இறங்கியது. அவருக்கும் கேட்டது. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். தெரு முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டதால் இதுவரை எந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுச் சத்தம் தெரியவில்லை, அவ்வளவுதான். புண்ணைக் கட்டி முடித்துவிட்டு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சிஸ்டரம்மா, ஊசி போடுத விஷயத்துல நான் வாயைத் திறப்பேனா? இது என் தொழில். ரேடியோவுக்குக் காது மட்டுந்தான், வாய் கிடையாது. ஏரியல்ங்கது உண்டியல் மாதிரி. உள்ளே விழுந்தது விழுந்ததுதான், வெளியே வராது."

"சரி. நான் அய்யர் வீட்டுக்குப் போய்த் திருப்பச் சொல்லுகிறேன். நீங்க உங்க ரேடியோவைத் தொடாம கேட்டுக்கிட்டிருங்க."

"நேரம் போவுது. பேரு வாசிக்கான்."

"இப்ப உங்களுக்குப் பேரா கேக்குது? ஊளைதானே."

திருகிலிருந்து கையை எடுத்தார். நான் போனேன். அய்யர் திருகை ஏற்றினார், இறக்கினார், ரேடியோவையே அணைத்தார். திரும்பி வந்தபோது அண்ணாச்சி தன் பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அணைச்சவொடனே ஒரு விசில் நின்னுது" என்றார். "இன்னும் ரெண்டு மூணு இருக்கு. அது மத்த வீடு."

பிறகு அவரே எனக்கு விளக்கினார். அவர் ரேடியோவில் ஒரு தந்திரம் உண்டு. வால்வுக்குள் வந்த மெலிந்த சத்தத்தில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி அதற்கே ஊட்டுவார். ஊட்ட ஊட்டச் சத்தம் பெருகும். ஒரே வால்வு பெரிய பெட்டி மாதிரி கேட்பது அதனால்தான். எவ்வளவு ஊட்டுவது என்பதற்குத்தான் அந்தத் திருகு. ஊட்டம் மிஞ்சினால் வால்வு தானே கத்தத் தொடங்கும். அந்தக் கத்தல் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும் என்று நினைத்திருந்தார். அது ஏரியலில் ஏறி அடுத்த வீட்டு ஏரியலில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்துக் குரல் கிடைக்க வேண்டுமே என்ற ஆசையில் ஒவ்வொரு வீட்டிலும் திருகைக் கடைசிவரை முறுக்கினார்கள். எல்லாரும் அவர் போட்ட அதே பென்சில் கோட்டில். மற்ற நேரத்தில் ஒருவர் திருச்சி, ஒருவர் கொழும்பு என்று பிரிந்திருந்ததால் இது தெரியவில்லை.

"அத்தனை வீட்டு ரேடியோவுக்கும் நானே வாய் வச்சுக் குடுத்திருக்கேன்" என்றார்.

"இப்ப என்ன செய்யணும்?"

"எல்லாரும் அணைக்கணும். ஒரே ஒண்ணு மட்டும் ஓடணும்."

"போய்ச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்ல? நல்ல ரேடியோன்னு தலையில கட்டினவனே நானு."

முத்தாரம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "நீங்க போறீகளா, நான் போகட்டுமா?" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீடு வீடாகப் போய் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அய்யர் வீட்டில் நான் இருந்தேன். அங்கே நடந்ததைச் சொல்லுகிறேன்.

"நீர் செஞ்ச பெட்டி நன்னாத்தானே இருக்கு?" என்று அய்யர் கேட்டார்.

"கேக்க நல்ல பெட்டி, சாமி. ஆனா எதுத்துப் பேசுது, அடுத்த வீட்டுல போய் ஊளையிடுது. அந்த நேரம் மட்டும் அணைச்சு வைங்க."

அய்யருக்கு முகம் விழுந்துவிட்டது. "உம்ம பிள்ளை பேரை நான் கேட்டு, ராத்திரியானாலும் இந்தக் காலை இழுத்துண்டு வந்து உம்ம கதவைத் தட்டிச் சொல்லணும்னு இருந்தேன், ஓய். அதையும் அணைச்சுட்டா நான் உமக்கு என்னத்தைச் செய்யறது?"

"அணைச்சு வைக்கதுதான், சாமி, நீங்க செய்யது."

அய்யர் சரி என்றார். எல்லாரும் சரி என்றார்கள். ஆனால் சரி என்றவர்களில் சிலர், ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெதுவாக வைத்துக் கேட்டால் தெரியாது என்று நினைத்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பெயரை முதலில் கேட்ட வீடு தன் வீடாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான். மறுநாள் மாலை ஒரே ஒரு ஊளை பாக்கி இருந்தது. அதற்கு மறுநாள் வேறு ஒன்று. யாராவது தெருவில் நடந்து, எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்த்து, கதவைத் தட்டி நிறுத்த வேண்டும். அது அண்ணாச்சியால்தான் முடியும். வேறு யார் தட்டினாலும் சண்டையாகிவிடும்.

அப்படியானால் வீட்டில் ரேடியோ முன்னால் யார் உட்காருவது?

ஒரு காலையில் அவர் முத்தாரம்மாளை முன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். திருகைக் காட்டினார். "மெதுவா ஏத்து. கத்தப்போகுதுன்னு தெரியும்போது நிறுத்திக் கொஞ்சம் இறக்கு. கத்தவிட்டுட்டு இறக்கினா பிரயோசனமில்லை."

அவள் ஏற்றினாள், நிறுத்தினாள், முடி அளவு இறக்கினாள். குரல் தெளிவாக நின்றது. அவர் அவள் கையைப் பார்த்தார், டயலைப் பார்த்தார். "எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"தினம் பால் காய்ச்சுதவளுக்கு இது தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதன் பிறகு மாலை ஆனால் அவர் தெருவில், அவள் ரேடியோ முன்னால். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு ஜன்னலோரமும் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு அக்ரகாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார். புதிதாகப் பார்த்தவர்கள் துப்புக்காரன் என்று நினைத்திருப்பார்கள். "அணைச்சாச்சு, அணைச்சாச்சு, போங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

புரட்டாசி பிறந்து சில நாள் இருக்கும். நான் அய்யருக்குப் புண் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கோவில் பக்கத்து முனையில் யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தது கேட்டது. முத்தாரம்மாள் வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டாள். தெருவில் நின்று கணவனை உரக்கக் கூப்பிடுகிறவள் இல்லை அவள். நான் கையில் துணிச் சுருளோடு எழுந்து வந்தேன்.

"சொல்லிட்டான்" என்றாள்.

அவர் ஓடி வந்தார். "என்ன சொன்னான்? என்னட்டி சொன்னான்?"

"ஈப்போவிலேர்ந்து அழகியநம்பி. திருவனந்தபுரம் வலியசாலை குற்றாலலிங்கத்துக்கு. சௌக்கியம், கவலைப்பட வேண்டாம். அம்புட்டுத்தான்."

அவர் உள்ளே பாய்ந்து ரேடியோ முன்னால் மண்டியிட்டார். யாரோ வேறொருவன் பெயர் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஜப்பான் பாட்டு. எழுந்து வந்தார்.

"நல்லாக் கேட்டியா? வேற நம்பியா இருந்தா?"

"வேற நம்பிக்கு நம்ம தெருவும் உங்க பேருமா இருக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். "சிஸ்டரம்மா, உங்களுக்குக் கேட்டுதா?"

"நான் அய்யர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அண்ணாச்சி."

தெருப் பக்கம் திரும்பினார். ஜன்னல்களில் முகங்கள் வந்திருந்தன. "உங்களுக்கு யாருக்காவது?" என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அத்தனை ரேடியோவையும் அணைக்கவைத்தவர் அவர்தான். அந்தப் பெயரைக் கேட்ட காது அந்தத் தெருவில் ஒன்றே ஒன்று.

"ஈப்போன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"சௌக்கியம்னா?"

"சௌக்கியம்னான். எத்தனை தடவை கேப்பீக?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். பிறகு அய்யர் வீட்டு வாசலுக்குப் போய், "சாமி, எம் மவன் சௌக்கியமா இருக்கான். எம் பொஞ்சாதி கேட்டா" என்றார். அடுத்த வீட்டுக்கும் போய் அதையே சொன்னார். அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் போனார்.

அதற்கு மேல் அந்த ஸ்டேஷனில் மகன் பெயர் வரவில்லை. யுத்தம் முடிகிற வரை வேறு எந்தச் சேதியும் இல்லை. அந்த வருஷங்களில் அவர் அவளிடம் மறுபடி கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டிருப்பார். ஆனால் தெருவில் யாராவது விசாரித்தால், "சௌக்கியமா இருக்கான்" என்று தயங்காமல் சொல்வார். யுத்தம் முடிந்து மறுபடி வால்வு கிடைக்கத் தொடங்கியதும் தான் செய்த பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கி, ஏரியலுக்கும் அந்தக் கத்துகிற வால்வுக்கும் நடுவில் இன்னொரு வால்வு வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு கத்தல் வெளியே போகவில்லை. யாரிடமும் கூலி வாங்கவில்லை. யாராவது பேச்செடுத்தால், சர்க்கார் விசிலடித்த காலத்தில் என்று கதையை மாற்றிச் சொல்வார். அய்யரும் தலையாட்டுவார்.

நாற்பத்தாறில், மழைக்கு முன்னால், ஒரு மத்தியான நேரம் அழகியநம்பி வந்து இறங்கினான். கப்பலில் மதராஸ் வந்து, அங்கிருந்து ரயில். எலும்பும் தோலுமாக, மஞ்சள் கண்ணோடு, உடம்பில் மலேரியாவோடு நின்றான். முத்தாரம்மாள் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தாள். என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள். நான் நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி கேட்டார். எப்படி இருக்கிறாய் என்று கூடக் கேட்கவில்லை.

"ரேடியோவில சேதி சொல்லச் சொன்னியால?"

"சொன்னேன்பா. புரட்டாசி வாக்குல. எழுதிக் கொடுத்தா வாசிப்பாங்கன்னு சொன்னாங்க. உங்களுக்குக் கேட்டுதா?"

"எனக்குக் கேக்கலை" என்றார் அண்ணாச்சி. "உங்க அம்மைக்குக் கேட்டுது."

பையனுக்கு நல்ல காய்ச்சல். பேச்சை நிறுத்தச் சொல்லிப் படுக்கவைத்தேன்.